முப்பத்துநான்காம் வாரத்து அளவு

அண்ணி யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பாள். பார்வை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, பிறகுதான் மேலே ஏறி, வந்திருப்பவர் யார் என்று விசாரிக்கும். அதற்குள் உதடு சத்தமில்லாமல் ஓர் எண்ணைச் சொல்லி முடித்திருக்கும். பதினாறரை. பதினெட்டு. அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் எனக்குப் பத்து வயது. பாவாடையோடு வாசலில் நின்ற என்னையும் அப்படித்தான் பார்த்தாள். பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பார்வை மாறவில்லை. கல்லூரியில் என்னோடு படித்த ஒருவன் புத்தகம் வாங்க வந்து போனபோது, "இடது தோள் அரை இஞ்சு இறக்கம். பை மாட்டி மாட்டி வந்தது. படிக்கிற பையன்தான்" என்று நற்சான்றிதழ் கொடுத்தாள். அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இரண்டு மிஷின். நடுவில் துணி வெட்டும் மேஜை. மேஜையின் ஒரு மூலை இஸ்திரிப்பெட்டிக்கு என்று ஒதுக்கியது. அங்கே மரம் கருத்திருக்கும். பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். ஜன்னலோரம் ஒரு முக்காலியில் காஜா அக்கா உட்கார்ந்திருப்பாள். பொத்தான் துளைகளுக்குக் கையாலேயே காஜா எடுப்பது அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். மூன்று பிள்ளை பெற்றவள். நாளில் பாதி நேரம் ஊசியும் மீதி நேரம் வாயும் ஓடும் என்று அண்ணன் சொல்வான். இரண்டும் ஒரே நேரத்தில்தான் ஓடும் என்று அவளே திருத்துவாள்.

அண்ணி எட்டாம் வகுப்போடு நின்றவள். பொத்தான் தைக்கும் வேலையில் சேர்ந்து, காலர் வைக்கக் கற்று, பிறகு வெட்டக் கற்றவள். வெட்டுவதுதான் இந்தத் தொழிலில் உச்சம். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்டமுடியாது. அவள் வெட்டி ஒரு துணி வீணாய்ப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அளவெடுக்கும் டேப் ஒன்று பகலெல்லாம் அவள் கழுத்தில் கிடக்கும். மாலையில் கடை கட்டும்போது டேப்பின் ஒரு முனையை இஸ்திரி மூலைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டி, மறு முனையின் துளையில் பெரிய கத்தரிக்கோலைக் கோத்துத் தொங்கவிடுவாள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் காலையில் தேடவேண்டியதில்லை அல்லவா. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய டேப். எண்கள் பாதி அழிந்தும், இருட்டில் தடவிப் பார்த்தே படிப்பாள்.

அவளுக்கு முதலில் ஒன்று தங்கி, நான்காம் மாதத்தில் போய்விட்டது. அப்போது நான் பள்ளியில் இருந்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் மிஷின் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் என் நினைவில் இருக்கிறது. அதன்பிறகு பல ஆண்டுகள் ஒன்றுமில்லை. நான் பட்டப் படிப்பை முடித்த ஆண்டு மறுபடி தங்கியது. நான்காம் மாதம் கடக்கும்வரை வீட்டில் எல்லாரும் முணுமுணுப்பாகப் பேசினோம். ஐந்து, ஆறு. ஏழாம் மாதம் அவள் வயிறு மிஷின் பலகையைத் தொட்டது. அன்றைக்குத்தான் அவள் அதைப் பற்றி வாய் திறந்தாள்.

"ஏ பட்டதாரி," என்றாள் என்னை. வீட்டில் முதல் பட்டம் என்னுடையது என்பதால் அண்ணி வைத்த பெயர். "விலங்கியல் படிச்சேன்னியே. உள்ள இருக்கிற ஆளப் பத்தி அதுல ஏதாவது போட்டிருக்கா, இல்ல தவளை மட்டுந்தானா?"

போட்டிருந்தது. தவளைக்கு நாற்பது பக்கம், மனிதக் கருவுக்கு எட்டுப் பக்கம். வேலை தேடி விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. மூன்று ஆண்டு படித்ததை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்காமலே நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் என் புத்தகத்திலிருந்து ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது என்னைத் தலைகால் புரியாமல் ஆக்கியது. நூலகத்திலிருந்து இன்னும் இரண்டு புத்தகங்கள் எடுத்துவந்தேன்.

அந்த மதியங்களை நான் கனவில் நடந்தவை போலத்தான் நினைவு வைத்திருக்கிறேன். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கும். மாதிரி வெட்டிய மெல்லிய தாள்கள் சுவரில் தொங்கியபடி, காற்று வந்தால் மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கும். இஸ்திரிப் புகை ஈரத் துணியின் வாசனையோடு மேலே போகும். அண்ணி நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கைக்கு எட்டாத மிஷினை எட்டிப் பிடித்துத் தைப்பாள். நான் தரையில் உட்கார்ந்து படித்துச் சொல்வேன்.

இருபத்தெட்டாம் வாரம். கண் திறக்கிறது என்றேன். இமை இத்தனை நாள் ஒட்டியிருந்தது, இப்போது பிரிந்துவிட்டது; இமை முடிகூட வந்தாயிற்று. அண்ணி மிதிப்பதை நிறுத்தினாள். உள்ளே வெளிச்சம் உண்டா என்று கேட்டாள். நல்ல வெயிலில் நின்றால் மங்கலாகச் சிவப்பாகத் தெரியலாம் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் நாற்காலி ஜன்னலுக்கு நேரே நகர்ந்தது. சிவப்புத் துணிக்கு உள்ளேயிருந்து விளக்கைப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

காது முன்பே கேட்கத் தொடங்கிவிட்டது என்றபோது காஜா அக்கா ஊசியை நிறுத்தினாள். "அப்போ இத்தன நாளா நாங்க பேசினதெல்லாம் கேட்டிருக்குமா?" என்றாள். "பிறந்ததும் நம்ம மானம்தான் கப்பலேறப் போகுது." பிறகு இரண்டு நாள் அவள் அக்கம்பக்கத்துக் கதைகளை ஜாடையில் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது.

முப்பதாம் வாரம் விக்கல் வந்தது. அண்ணியின் வயிறு ஒரே சீராக, மிஷின் மெல்ல ஓடுவதுபோல் துடித்தது. கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அது மூச்சுவிடப் பழகுகிறது, காற்றுக்குப் பதில் நீரை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது, அதில் விக்கலும் வரும் என்று படித்ததைச் சொன்னேன். என் உள்ளங்கைக்கு அடியில் யாரோ எனக்குத் தெரியாத ஓர் அறையில் தனியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பக்கத்தில் இது எழுதியிருந்தது. ஆனால் இப்படி எழுதியிருக்கவில்லை.

முப்பத்திரண்டில் நகம் விரல் நுனிக்கு வந்தது. தோலுக்கு அடியில் கொழுப்பு சேரத் தொடங்கியிருந்தது. "லைனிங் போடுறாங்க" என்றாள் அண்ணி. மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று கூடவில்லை, பிறக்கும்போது வழி குறுகலாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கத் தோதாக விட்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் கையிலிருந்த துணியின் ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தாள். பிறகு, "நல்லா வெட்டத் தெரிஞ்ச கை. தையலுக்குத் துணி விட்டு வெட்டியிருக்கு" என்றாள். அதற்குமேல் பெரிய பாராட்டு அவளிடம் கிடையாது.

அவள் உடம்பும் வேறோர் உடம்பாகிக்கொண்டிருந்தது. தொப்புள் வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து கீழே, சுண்ணாம்புக் கட்டியால் துணியில் போடும் கோடுபோல ஒரு கருங்கோடு, நூல் பிடித்தமாதிரி நேராக. விலா எலும்பு விரிந்துகொடுத்தது. அப்படியும் மூச்சு போதவில்லை, நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினாள். விரல்கள் வீங்கி, ஊசி குத்தாமலிருக்க மாட்டும் உலோகத் தொப்பி நடுவிரலில் ஏற மறுத்தது. காலையில் விரல் நுனிகள் மரத்துப்போய் ஊசி இருக்கிறதா நழுவியதா என்று தெரியவில்லை என்றாள். நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் இழுப்பு. சில நேரம் வயிறு முழுவதும் கல்லாக இறுகிக் கொஞ்சம் கழித்துத் தளரும். பிரசவத்துக்குக் கருப்பை செய்யும் ஒத்திகை என்றேன். "எல்லாருமே ஒத்திகைதான் பார்க்கறாங்க. நாடகம் எப்போ?" என்றாள் காஜா அக்கா.

கனவுகளும் வந்தன. கடைசி மாதங்களில் கனவு தெளிவாக வரும் என்பதும் புத்தகத்தில் இருந்தது. காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து சொல்வாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு துணி வந்துகொண்டே இருக்கிறது, தண்ணீரைப்போல வெதுவெதுப்பு, எங்கேயும் தையல் இல்லை. அவள் இந்தப் பக்கம் இழுக்கிறாள், அந்தப் பக்கம் யாரோ லேசாகப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு நாள், கடை வாசலில் ஒரே கூட்டம், யாருக்கும் தோளே இல்லை. "எங்க வச்சு அளக்கறது சொல்லு?" என்று நிஜமாகவே கவலையோடு என்னைக் கேட்டாள்.

அளவு என்ற பேச்சை நான்தான் எடுத்தேன். அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தி: கருப்பையின் உச்சிக்கும் அடிவயிற்று எலும்புக்கும் உள்ள தூரத்தை சென்டிமீட்டரில் அளந்தால், அது ஏறக்குறைய வாரங்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும், இரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். படித்ததும் அண்ணியின் கண் விரிந்தது. இத்தனை நாள் யாரோ எங்கேயோ செய்துகொண்டிருந்த வேலை அவள் கைக்குத் தெரிந்த வேலையாக மாறிவிட்டது. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். தையலுக்கு இஞ்சுப் பக்கம்தான் வேண்டும். அவள் முதன்முறையாக மறுபக்கம் திருப்பினாள். அந்தப் பக்கத்து எண்கள் அழியாமல் புதிதாக இருந்தன.

படத்தைப் பார்த்து எலும்பும் உச்சியும் எங்கே என்று நான் தொட்டுக் காட்டினேன். இருபத்தெட்டாம் வாரத்தில் இருபத்தாறு. இரண்டு குறைவு, புத்தகம் அனுமதித்த குறைவுதான். முப்பதில் இருபத்தேழே முக்கால். முப்பத்திரண்டில் இருபத்தொன்பதரை. ஒவ்வொரு முறையும் வித்தியாசம் ஒரு கால் கூடியது. முப்பத்திரண்டில் அண்ணி கேட்டாள்: "அப்போ அது வளர்றது குறையுதா?" நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம் அண்ணி" என்றேன். பட்டம் வாங்கியவர்கள் தெரியாது என்று சொல்லக்கூடாது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கொருமுறை அவள் போய்வந்த மகப்பேறு மையம் நான்கு தெரு தள்ளி. அங்கே அளக்கும் அறையில் ஒரே நர்ஸ். ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். கையால் வயிற்றைத் தடவி உச்சியைக் கண்டுபிடித்து, டேப்பை வைத்து, அட்டையில் எழுதுவார். அண்ணியின் அட்டையில் இருபத்தெட்டுக்கு நேரே இருபத்தெட்டு. முப்பதுக்கு நேரே முப்பது. முப்பத்திரண்டுக்கு நேரே முப்பத்திரண்டு.

இதைத்தான் அண்ணியால் தாங்கமுடியவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையை வெட்டும் மேஜையில் விரித்துவைத்து விரலால் தட்டினாள்.

"எத்தன உடம்பு அளந்திருக்கேன் நான். எந்த உடம்பாவது இப்படி ஒழுங்கா வளருமா? வாரத்தக் கேக்கறாங்க, அதையே எழுதறாங்க. அளக்கறதே இல்ல."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாற்பது பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் யார் ஒவ்வொருவரையும் ஒழுங்காக அளப்பார்கள்? காஜா அக்கா மட்டும், "மூணு பெத்தேன், யாரும் என்னை டேப் வச்சுப் பார்க்கல, மூணும் நல்லாத்தான் தின்னுதுங்க" என்றாள். அண்ணி காதில் வாங்கவில்லை. அவளுக்கு அந்த நான்காம் மாதம்தான் கண்முன் நின்றிருக்கவேண்டும். அப்போதும் யாரோ எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்களாம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கவலைப்பட்டால் வண்டியை எங்காவது விட்டுவிடுவான் என்றாள். அந்த இரண்டு வாரமும் வீடு ஒரு மெல்லிய துணியால் மூடியதுபோல் இருந்தது. மிஷின் ஓடியது, இஸ்திரி புகைந்தது, யாரும் யாரையும் நேரே பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர் மட்டும் எதுவும் தெரியாமல் புரண்டார். அண்ணி தைக்கும்போது அசைவு இல்லை. மிஷின் நின்றதும் எழுந்துகொள்வதுபோல் ஒரு முழங்கையோ குதிகாலோ தோலுக்கு அடியில் மெதுவாக நகர்ந்துபோகும். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பாலாடைக்கு அடியில் ஒரு மீன் போவதுபோல.

முப்பத்துநான்காம் வாரம் காலையில் வீட்டில் அளந்தோம். முப்பத்தொன்றே கால். பத்து மணிக்கு மையத்தில் நர்ஸ் அளந்து, முப்பத்துநான்கு என்று எழுதினார்.

மறுபடி அளக்கச் சொன்னாள் அண்ணி. நர்ஸ் மறுபடி அளந்தார். அதே எண். பயப்பட ஒன்றுமில்லை என்றார். டேப்பை இவ்வளவு தளர்வாகப் பிடித்தால் எதைக் கேட்டாலும் அது சொல்லும் என்றாள் அண்ணி. வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "உங்க பயம் புரியுதும்மா. ஆனா நான் அளந்ததத்தான் எழுதறேன்" என்றார். அண்ணி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நுழைவாயில் மேஜையில் புகார்ப் புத்தகம் ஒன்று நூலில் கட்டிக் கிடந்தது.

"எழுது" என்றாள்.

நான் எழுதினேன். அவள் சொன்னது கோபமான நாலு வார்த்தை. அதை நான் ஒரு பக்கமாக ஆக்கினேன். கர்ப்பிணிகளின் வயிற்றை முறையாக அளக்காமல், வாரத்தைக் கேட்டு அதே எண்ணைப் பதிவு செய்கிறார். இதனால் சிசுவின் வளர்ச்சிக் குறைபாடு கவனிக்கப்படாமல் போகும் அபாயம் உள்ளது. தேதிவாரியாக அட்டையின் எண்ணையும் எங்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்தது. அண்ணி கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அந்தப் பக்கத்தை முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் படிப்பு எங்கள் வீட்டுக்காகச் செய்த முதல் வேலை அது.

புகார் என்றதும் டாக்டர் அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இருட்டறையில் அண்ணி படுத்திருந்தாள். நான் அவள் காலருகில் நின்றேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மழை. அதற்குள்ளிருந்து ஒரு கன்னம் வந்தது. ஒரு கை மெல்ல வந்து கன்னத்தைத் தொட்டு, யோசித்து, மறுபடி போனது. தொடை எலும்பு வெள்ளைக் கோடாக ஒளிர்ந்தது. டாக்டர் அதன் இரு முனையிலும் புள்ளி வைத்து அளந்தார். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு. பிறகு இதயம். அறை முழுக்க ஓட்டமாய் ஓடும் அந்தச் சத்தம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். முழுவேகத்தில் நேர்த்தையல் போடுகிற சத்தம் என்று பின்னால் சொன்னாள்.

"முப்பத்துநாலு வாரத்துக்கு என்ன இருக்கணுமோ அது இருக்கு. ரெண்டு கிலோவத் தாண்டியாச்சு. தலை கீழ வந்தாச்சு. எந்தக் குறையும் இல்ல" என்றார் டாக்டர்.

அண்ணி அழவில்லை. எழுந்து உட்கார்ந்து உடையைச் சரிசெய்தாள். அப்போது கதவருகில் நர்ஸ் வந்து நின்றார். வீட்டில் அளந்த டேப் கையில் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணியின் கழுத்தில்தான் இருந்தது. அவள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்த நாளே கிடையாது. நர்ஸ் அதை வாங்கி மேஜையில் நீட்டினார். பக்கத்திலேயே தன்னுடையதை நீட்டினார். இரண்டின் தொடக்கத்தையும் ஒரே கோட்டில் வைத்து விரலால் நீவிக்கொண்டே போனார். அவருடைய டேப்பில் முப்பத்துநான்கு இருந்த இடத்தில் அண்ணியுடையதில் முப்பத்தொன்றே கால் இருந்தது. டாக்டர் இழுப்பறையிலிருந்து மூன்றாவது ஒரு டேப்பை எடுத்துப் போட்டார். அது நர்ஸின் பக்கம் சேர்ந்தது.

பதினொரு ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் அந்தக் கத்தரிக்கோல் சூடான மூலைக்கு மேல் தொங்கியிருக்கிறது. கனத்திலும் சூட்டிலும் டேப் நீண்டு, எண்கள் தள்ளித் தள்ளிப் போய்விட்டன. உடம்பையும் அதில்தான் அளந்தாள், துணியையும் அதில்தான் அளந்தாள். இரண்டிலும் ஒரே தப்பு என்பதால் ஒரு சட்டைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. டேப் மறுபக்கம் திரும்பி, புத்தகத்து எண்ணோடு நின்றபோதுதான் அது வெளியே வந்தது. நீளம் கூடக்கூட வித்தியாசமும் கூடியது. நீளும் எதுவும் அப்படித்தான் காட்டும். அதைக் கண்டுபிடிக்க விலங்கியல்கூட வேண்டாம். கணக்குப் பார்த்து எழுதிய நான் ஒருமுறை யோசித்திருந்தால் போதும். குழந்தையைச் சந்தேகப்பட்டேன், நர்ஸைச் சந்தேகப்பட்டேன், அளவுகோலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

நர்ஸ் குத்திக்காட்டவில்லை. "நாளைக்கு மறுபடி இதுல அளந்து பயந்துக்கக் கூடாதுல்ல, அதான் காட்டினேன்" என்றார். இனி வீட்டில் அளக்கவே வேண்டாம், சாப்பிட்டபின் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவைக் கவனித்தால் போதும், வழக்கத்தைவிடக் குறைந்தால் எந்த நேரமானாலும் உடனே வந்துவிட வேண்டும் என்றார். போய்விட்டார். அண்ணி மேஜையிலிருந்த டேப்பை எடுத்து, கழுத்தில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டாள்.

புத்தகத்தில் எழுதியதை அடித்துவிடலாம் என்று வெளியே ஓடினோம். நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வந்து எடுத்துப்போய்விட்டார் என்றார் காவலாளி.

வீட்டுக்கு வந்ததும் பழைய டேப்பைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டாள். புதிதாக ஒன்று வாங்கிவரச் சொன்னாள். பள்ளிக்கூட அலுவலகத்துக்குத் தைத்த திரைச்சீலை தரையைக் கூட்டியதும், ஜன்னலைத் தன் டேப்பால் அளந்து எழுதிக்கொடுத்த பள்ளிக் குமாஸ்தாவை "உங்க வீட்டு ஜன்னல அளந்துட்டீங்களா?" என்று கேட்டு அனுப்பியதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. காஜா அக்கா சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைத்தாள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் அன்று மாலைவரை எந்தத் துணியையும் வெட்டவில்லை.

முப்பத்தாறாம் வாரம் போனபோது அளக்கும் அறையில் வேறு நர்ஸ். பழையவர் வாசல் கவுன்டரில் உட்கார்ந்து சீட்டுகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை நோயாளிகளைத் தொடக்கூடாதாம். டாக்டர் எடுத்துச் சொல்லியும், புகார் எழுத்தில் இருக்கிறதே என்றார்களாம். புகார்ப் புத்தகத்தில் எங்கள் பக்கத்துக்கு அடுத்து அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் அதேபோல எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதைப் படித்ததும் மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. அண்ணி சீட்டை நீட்டி நின்றாள். நர்ஸ் முத்திரை குத்தி, நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. "அடுத்தவங்க வாங்க" என்றார்.

முப்பத்தெட்டில் கவுன்டரிலும் அவர் இல்லை. தூரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள்.

அந்த வாரம் குழந்தை கீழே இறங்கியது. காலையில் எழுந்ததும் அண்ணி ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, அதிசயித்து, இன்னொன்று இழுத்தாள். விலாவுக்குக் கீழே இடம் விட்டிருந்தது. நடை வாத்து நடையானது. மதியம் முழுக்க ஜன்னல் வெயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. அப்படியே கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"அந்தம்மா பக்கம் தப்பில்லன்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

நான் பேனா எடுத்தேன்.

"நீ வேணாம். நீ எழுதினா நல்லா இருக்கும். இத நானே எழுதணும்."

முப்பத்தொன்பதாம் வாரம், ஒரு பகல் பொழுதில், மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவாக ஒரு பெண் பிறந்தாள். தோள்களில் இன்னும் மெல்லிய பூனைமுடி. மடிப்புகளில் அந்த வெள்ளைப் பசை. உச்சந்தலையில், எலும்பு கூடாத இடத்தில், தோல் நாடியோடு ஏறி இறங்கியது. நான் அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் எந்தப் பொருளும் இல்லாத செய்தியாக இருந்தது.

அப்புறம் பால் கட்டியது, காய்ச்சல் வந்தது, குழந்தை குப்புற விழுந்தது, பல் முளைத்தது. அண்ணி கடிதம் எழுத உட்கார்ந்ததை மூன்று முறை பார்த்தேன். ஒருமுறை "ஐயா" என்பதோடு நின்றது. இன்னொருமுறை இரண்டு வரி. டேப் என்ற சொல் வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். ஊரெல்லாம் அவள் அளந்து தைத்ததை உடுத்திக்கொண்டு நடக்கிறது. அந்த வரியை எழுதக் கை வரவில்லையோ என்னவோ. அல்லது அந்த இரண்டு வாரத்துக்குள் திரும்பிப் போக அவளுக்குப் பயமோ. கேட்டால், "எழுதறேன்டி, மனசு கூடட்டும்" என்பாள். மூன்றாம் ஆண்டு அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மிஷின்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போன மாதம் நானே மகப்பேறு மையத்து அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எழுதியது என் கை என்றும் சொன்னேன். அங்கிருந்த குமாஸ்தா கோப்பைத் தேடி எடுத்தார். அந்த நர்ஸின் பெயருக்கு எதிரே புகார் நிலுவை என்றுதான் இன்னும் இருக்கிறது. அதனால் அளக்கும் அறைக்கு அவரைத் திரும்ப எடுக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, அடியில் இருந்த அண்ணியின் கையெழுத்தைக் காட்டினார். புகாரைத் திரும்பப் பெற இதே கையெழுத்து வேண்டும், மற்ற இரண்டும் இதைப் பார்த்து எழுதியவை, இது போனால் அவையும் நிற்காது என்றார்.

அன்று மாலை அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் நின்றது. அந்தம்மா எந்தக் கிளையில் இருக்கிறார் என்று கேட்டாள், சொன்னேன். அலுவலக முகவரியை எழுதிக்கொள்கிறேன், மெதுவாகச் சொல் என்றாள். சொன்னேன். கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன் என்றாள். நேற்றுவரை வரவில்லை என்கிறார் குமாஸ்தா.